மேல் வரிசை, இடது பக்கம், இரண்டாவது

மனிதகுலத்தின் மேலான கவனத்துக்கு: மேல் வரிசையில், இடது பக்கம், இரண்டாவதாக முளைத்திருந்த ஒரு பல்லைப் பற்றிக் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வந்த தத்துவ விளக்கங்கள், ஆய்வுரைகள், நாற்பது பக்கச் சிறுநூல் ஒன்று ஆகிய அனைத்தும் இன்று முதல் செல்லாது. இப்படியோர் அறிவிப்பை வெளியிடும் அதிகாரம் உலகில் எந்த அமைப்புக்கும் தரப்படவில்லை. எனவே பல்லக்கா அதைத் தானே எடுத்துக்கொண்டாள்.

பல்லக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. ஒரு பல் ஆஸ்பத்திரியின் பின்கட்டில், ஜன்னலை ஒட்டிய மேசையில், இருபத்தாறு வருடமாகப் பல் செட் கட்டுகிறவளை மற்றவர்கள் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? முன்கட்டில் டாக்டர் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். பின்கட்டில் இவள் அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக நிறுத்தி வரிசை சேர்ப்பாள். மேசையில் ஒரு ஸ்பிரிட் விளக்கு, ஒரு மெழுகுக் கத்தி, உரிமையாளரை எதிர்பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும் ஏழெட்டுத் தாடைகள். காதில் இயர்போன். இயர்போனில் பெரும்பாலும் ஒரே ஆல்பம்.

அது ‘ஈரச்சுவர்’ என்ற ராக் குழுவின் இரண்டாவது ஆல்பம். பெயர் ‘அவசர வழி’. அந்தக் குழுவில் நான்கு பேர். மூன்று ஆல்பம் போட்டார்கள். நான்காவதற்குள் ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். வானொலிக்காரர்கள் அவர்களைத் தொடவில்லை. கல்யாண மண்டபத்துக்காரர்கள் கிட்டவே சேர்க்கவில்லை. சோப்பு விளம்பரத்துக்குக்கூட யாரும் அவர்கள் மெட்டைத் திருடவில்லை. இதைவிடப் பெரிய அவமானம் இசை உலகில் கிடையாது.

பல்லக்காவுக்கு அந்த ஆல்பத்தின் பதினோரு பாட்டும் சொந்த வாய் மாதிரி. முதல் பாட்டு தொடங்குவதற்கு முன் யாரோ “ஆரம்பிச்சாச்சா?” என்று கேட்பது பதிவாகியிருக்கும், பதில் வராது, டிரம்ஸ் வரும். அந்த டிரம்மர் ஒரு மயிரிழை தாமதமாகவே எப்போதும் வருவார், கிளம்பிவிட்ட பஸ்ஸைத் துரத்தி ஏறுகிறவர் போல. ஆனால் ஒருமுறைகூடப் பஸ்ஸை விட்டதில்லை. ஐந்தாவது பாட்டில் கிடாரின் சத்தம், மாட்டிக்கொண்ட மேசை டிராயரை இழுத்து இழுத்துக் கடைசியில் ஒரேயடியாகப் பிடுங்குவது போலிருக்கும். எட்டாவது பாட்டு சுமார்தான். அதை அவளே ஒப்புக்கொள்வாள். எட்டாவதைக் கேட்பதே ஒன்பதாவதுக்குக் காத்திருக்கத்தான்.

ஒன்பதாவது பாட்டு ‘சம்மதம் இல்லை’. பல்லவி இது:

சம்மதம் இல்லை, சாவியும் இல்லை,
சத்தம் போடாமல் போக மாட்டேன்.

பாடகர் ‘சம்மதம்’ என்று வாயெடுக்கும்போது ஒரு சின்ன விசில் கேட்கும். ‘சாவி’யில் இன்னும் கொஞ்சம் நீளமாக. ‘சத்தம்’ வரும்போது அரை நொடிக்கு, கதவிடுக்கில் காற்றுப் புகுந்தது போல, வார்த்தைக்கு முன்னே அது போகும், வார்த்தை அதன் பின்னே போகும்.

இந்த விசிலுக்குத்தான் அத்தனை விளக்கங்களும். ஈரச்சுவர் ரசிகர் பேரவை என்று ஒன்று உண்டு. உறுப்பினர்கள் முப்பத்தொரு பேர். அதன் தலைவர் டுட்டோரியல் நடத்துபவர். தோற்றுப்போன மாணவர்களுக்கு விளக்கி விளக்கி, விளக்கம் தேவைப்படாத பொருள் உலகில் எதுவும் இல்லை என்ற முடிவுக்கு வந்தவர். அவர் எழுதிய சிறுநூலின்படி அந்த விசில், ‘நவீன மனிதனின் ஆன்மாவுக்குள் வீசும் வெறுமையின் பனிக்காற்று’.

பத்து வருடத்துக்கு முன் பேரவைக் கூட்டம் ஒன்றில் பல்லக்கா கையைத் தூக்கினாள்.

“அது காத்து இல்லைங்க. பல்லு.”

“என்னம்மா?”

“மேல் வரிசை, இடது பக்கம், ரெண்டாவது பல்லு. பாதி உடைஞ்சிருக்கு. உள்பக்கமாச் சாய்வா. மத்த பத்துப் பாட்டுலயும் நல்லாத்தான் இருந்திருக்கு. ஒன்பதாவதைக் கடைசியாப் பாடியிருக்காங்க, அதுக்கு முன்னாடி உடைஞ்சிருக்கு. பாடினது அடுத்த நாள்கூட இருக்கலாம், வீக்கம் தெரியுது.”

“வீக்கம் தெரியுதா? பாட்டிலா?”

“உதடு ஒழுங்கா மூடலைங்க. ‘ம’ கேட்டுப் பாருங்க.”

தலைவர் முகம் போன போக்கைப் பார்த்தால், யாரோ அவர் பல்லைப் பிடுங்கியது போலிருந்தது. ‘கலையைக் கடைவாய்க்குள் தேடும் போக்கு’ கண்டிக்கப்பட்டு, பல்லக்காவின் உறுப்பினர் அட்டை ஆறு மாதம் முடக்கிவைக்கப்பட்டது. அட்டை இல்லாத ஆறு மாதமும் அவள் அதே பாட்டைக் கேட்டாள். அட்டை இருந்தபோது கேட்டதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

அவளுக்கு அந்த விசில் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், அதற்கு ஒரு கதை இருக்கிறது. அவளுக்கு இருபத்தொரு வயது. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம். வீட்டில் பெரியப்பா, சித்தி, மாமா என்று ஒரு பெஞ்சு முழுக்கப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டார்கள்: வேலையை விட வேண்டும்.

“அடுத்தவன் வாயில கிடக்கிறதைத் தொட்ட கை,” என்றார் பெரியப்பா. “அந்தக் கையால சோறு போட்டா எந்த வீட்டுல சாப்பிடுவான்?”

“கிடக்கிறதை இல்ல பெரியப்பா, கிடக்கப்போறதை. நான் புதுசாத்தான் செய்யறேன்.”

“நாக்கு மேல பல்லைப் போட்டுப் பேசாத. திங்கட்கிழமையிலிருந்து போகல. சம்மதம்தானே?”

அன்று காலைதான் அவள் அந்தப் பாட்டை முதல் முறை கேட்டிருந்தாள். உடைந்த பல்லோடு ஒருவன் நின்று, வலியோடு, மூடாத உதட்டோடு, முடியாது என்று சொல்கிறான். யாரோ அடித்திருக்க வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அடித்தும் சொல்கிறான். இவளை யாரும் அடிக்கக்கூட இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து கேட்கத்தான் செய்கிறார்கள்.

“சம்மதம் இல்லை,” என்றாள். நல்ல பல் என்பதால் விசில் வரவில்லை. அது ஒன்றுதான் குறை.

பின்னால் அவளைக் கட்டிக்கொண்டவர் ஒரு பஸ் கண்டக்டர். “ஊரே தொட்ட கம்பியைப் பிடிச்சிட்டு நாள் பூரா நிக்கிறவன் நான். எனக்கென்ன வந்துச்சு?” என்றார். அந்தக் கையால் போட்ட சோற்றை இருபது வருடமாகக் குறை சொல்லாமல் சாப்பிடுகிறார். உப்பைத் தவிர.

இப்படி இருக்கையில்தான் வெள்ளிவிழாப் பதிப்பு வந்தது. ‘அவசர வழி’ வெளிவந்து இருபத்தைந்து ஆண்டு ஆனதால், கம்பெனி அதைத் தூசு தட்டி, ஒலியைச் சுத்தம் செய்து புதிதாக வெளியிட்டது. பல்லக்கா மதியம் மேசையில் உட்கார்ந்து கேட்டாள். “ஆரம்பிச்சாச்சா?” இல்லை. டிரம்மர் பஸ்ஸுக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே வந்து வரிசையில் நின்றார். ஒன்பதாவது வந்தது. ‘சம்மதம் இல்லை’ என்று ஒரு குரல் அழகாக, அடக்கமாக, தலைவாரிப் பவுடர் போட்டுக்கொண்டு சொன்னது. விசில் இல்லை. துடைத்துவிட்டார்கள்.

பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். இங்கே பல்லைத் திருப்பிக் கொடுத்ததில் சொல் போய்விட்டது.

அவள் இயர்போனைக் கழற்றி, பிளாஸ்டர் தாடை ஒன்றின் இரண்டு வரிசைக்கும் நடுவில் வைத்து அழுத்தினாள். அன்று மாலையே பேரவைத் தலைவரைக் கூப்பிட்டாள்.

“பல் பிடுங்கின பாம்பு மாதிரி ஆக்கிட்டாங்க தலைவரே. நாம கடிதம் எழுதணும்.”

“அப்படிச் சொல்லக் கூடாதும்மா. பனிக்காற்று ஓய்ந்து, ஆன்மா தூய்மை அடைஞ்சிடுச்சு. என் சிறுநூலோட இரண்டாம் பதிப்புக்கு நான் எழுதிட்டேன்.”

“அப்போ முதல் பதிப்பு?”

“அதுவும் சரிதான். இதுவும் சரிதான். வெள்ளிவிழாக் கூட்டம் அடுத்த மாசம். பாடகரே வந்து மேடையில பாடறார். நீங்க முன்வரிசையில உக்காருங்க. பேசாம உக்காருங்க.”

கடைசி வாக்கியத்தில் எந்தச் சொல்லுக்கு அழுத்தம் என்று அவளுக்குப் புரிந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை, முன்கட்டில் வரவேற்பு மேசையில் இருக்கிற பெண் யாரிடமோ படிவம் நீட்டுவது கேட்டது. தகரத்தில் மணல்தாள் தேய்க்கிற மாதிரி ஒரு குரல், மேல்பல் ஒன்றுகூட இல்லாத வாயிலிருந்து கேட்டது:

“ஷம்மதம்னு எங்கம்மா கையெழுத்துப் போடணும்?”

பல்லக்கா கையிலிருந்த மெழுகுக் கத்தி தரையில் விழுந்தது. ஆயிரம் பேர் கூட்டத்தில் கேட்டாலும் அவளுக்கு அந்தக் குரல் தெரியும். ஆயிரம் பேர் கூட்டம் அந்தக் குரலுக்கு ஒருநாளும் கூடியதில்லை என்பது வேறு விஷயம்.

டாக்டர் அச்செடுத்து அனுப்பினார். சீட்டில், ‘மேல்வரிசை முழு செட், அவசரம், மேடை நிகழ்ச்சி உள்ளது’ என்று எழுதியிருந்தது. அவள் மூன்று நாள் வேறு வாய் எதையும் தொடவில்லை. வெள்ளிக்கிழமை மெழுகு செட் தயார். இறுக்கிக் கெட்டியாக்குவதற்கு முன், மெழுகில் நிற்கிற பல்லை வாயில் வைத்துப் பேசச் சொல்லிப் பார்ப்பது வழக்கம். அதற்கு டாக்டர் எப்போதும் பல்லக்காவைத்தான் கூப்பிடுவார். பேச்சு அவள் காதுக்குத்தான் பிடிபடும். ஸ்பிரிட் விளக்கையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு முன்கட்டுக்குப் போனாள்.

நாற்காலியில் அறுபது வயது மனிதர் ஒருவர். சட்டைப்பையில் மூக்குக் கண்ணாடி, அதற்குப் பின்னால் இன்னொரு மூக்குக் கண்ணாடி. நகராட்சியில் இரைச்சல் புகார் பிரிவில் இருபது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர் என்று சீட்டில் இருந்தது. ‘சத்தம் போடாமல் போக மாட்டேன்’ என்று பாடியவருக்கு அரசாங்கம் பார்த்துப் பார்த்துக் கொடுத்த வேலை.

“வாயைத் திறங்க ஐயா. கடிங்க. ம்... இப்போ இதைச் சொல்லுங்க. ‘சித்தப்பா சைக்கிளில் சந்தைக்குச் சென்றார்.’”

“எந்தச் சித்தப்பா?”

“யாரோ ஒருத்தர். சொல்லுங்க.”

சொன்னார். சித்தப்பா ஒரு சத்தமும் இல்லாமல், வழுக்கிக்கொண்டு சந்தைக்குப் போனார். குற்றம் சொல்ல இடமில்லாத வேலை. பாடகர் கைக்கண்ணாடியை வாங்கிப் பார்த்து, பல்லைக் காட்டி, மறுபடி பார்த்தார்.

“அற்புதம்மா. இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு மனுஷன் மாதிரிப் பேசறேன்.”

“ஐயா, நான் உங்க ரசிகை. ‘அவசர வழி’.”

அவர் நாற்காலியில் ஒரு அங்குலம் உயர்ந்தார். “அப்படியா? அந்தக் காலத்துல நாங்க ஒலியோட எல்லையை...”

“ஒன்பதாவது பாட்டுல விசிலை எடுத்துட்டாங்க.”

அவர் அந்த அங்குலத்தைத் திருப்பிக் கொடுத்தார். “ஆமா. இப்போ நல்லா இருக்குல்ல?”

“யாரு எடுக்கச் சொன்னது?”

“நான்தான்.”

பல்லக்கா அவர் கையிலிருந்த கண்ணாடியை வாங்கித் தட்டில் கவிழ்த்தாள்.

“உனக்குத் தெரியாதும்மா,” என்றார் அவர். “ஆபீஸ்ல என் பேர் என்ன தெரியுமா? குக்கர். இருபது வருஷம். ‘குக்கர் வந்தாச்சா? குக்கர் மூணு விசில் அடிச்சா டீ கொண்டு வா.’ எவனோ ஒருத்தன் அந்த ஆல்பத்தை ஆபீசுக்குக் கொண்டு வந்துட்டான். அந்த ஒரு பாட்டைப் போட்டுக் காட்டிட்டான். ரிட்டயர்மென்ட் அன்னைக்கு எனக்கு என்ன பரிசு கொடுத்தாங்கன்னு நினைக்கிற?”

அவர் இரண்டு கையையும் அகலமாக விரித்துக் காட்டினார்.

“அஞ்சு லிட்டர்,” என்றார்.

“அவங்க கிடக்கறாங்க. பாட்டு அவங்களுக்கா பாடினீங்க?”

“அது தப்பும்மா. வேலையில ஒரு தப்பு. உன் வேலையில தப்பு நடந்தா நீ திருத்த மாட்டியா?”

“என் வேலையில எது தப்புன்னு எனக்குத் தெரியும் ஐயா. அந்த ஆல்பத்துல பதினோரு பாட்டுலயும் நீங்க முடியாது, முடியாதுன்னுதான் பாடறீங்க. மத்த பத்துலயும் சும்மா சொல்றீங்க. நல்லாத்தான் சொல்றீங்க, இல்லேங்கல. ஒன்பதாவதுல மட்டும்தான், முடியாதுன்னு சொன்னதுக்கு ஒரு மனுஷனுக்கு என்னமோ ஆகியிருக்கு, ஆனதுக்கப்புறமும் சொல்றான்னு தெரியுது. அதைத் துடைச்சிட்டு, அதுக்குப் பேர் சுத்தமா?”

“என்ன ஆகியிருக்குன்னு நினைக்கிற?”

“யாரோ அடிச்சிருக்காங்க.”

பாடகர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். “ஒயர்ம்மா. கிடார் ஒயர். முனை அறுந்து போச்சு. ரப்பரைப் பல்லால உரிச்சேன். உள்ள இருந்த கம்பி கெட்டி.”

இருபத்தைந்து வருடமாக ஓர் இருட்டுச் சந்தில் பல்லுடைக்கக் காத்திருந்த முகம் தெரியாத அடியாட்கள் அந்த நிமிடமே வேலை இழந்தார்கள். பல்லக்கா ஸ்பிரிட் விளக்கைப் பார்த்தாள். கத்தியைப் பார்த்தாள்.

“சரி. ஒயராவே இருக்கட்டும். அடுத்த நாள் வலியோட பாடினீங்கல்ல? வீட்டுக்குப் போயிருக்கலாம்ல?”

“போயிருப்பேன். அந்தப் பாட்டுக்கு ஸ்டுடியோ அந்த ஒரு நாள்தான் கிடைச்சது.”

“ஐயா,” என்றாள் பல்லக்கா, “நீங்க என்ன சொன்னாலும் நான் அந்தப் பாட்டை விடறதா இல்ல. பல்லு உங்களோடது. ஒயர் உங்களோடது. அதைக் கேட்டுட்டுப் பெரியப்பா முன்னாடி நின்னது நான். அதை எந்தக் கம்பெனியும் வந்து துடைக்க முடியாது. நீங்களும் முடியாது. வாயைத் திறங்க.”

அவர் திறந்தார். அப்படிச் சொன்னால் யாரும் திறப்பார்கள். அவள் மெழுகு செட்டை எடுத்து, கத்தியைச் சூடு காட்டி, இடது பக்கம் இரண்டாவது பல்லைப் பெயர்த்தாள். அதன் மூலையைச் சாய்வாக அரம் போட்டாள். அரை மில்லிமீட்டர் தள்ளி நிறுத்தினாள். இருபத்தைந்து வருடமாகக் காதில் வைத்திருந்த அளவு அது, அளவுகோல் தேவைப்படவில்லை. திரும்ப வாயில் வைத்தாள்.

“சித்தப்பாவை அனுப்புங்க.”

“சித்தப்பா சைக்கிளில்...”

வந்தது. பக்கத்து அறையிலிருந்து டாக்டர் கத்தினார்: “யாரும்மா அது, உள்ள குக்கர் வெச்சது?”

பாடகர் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கையை எடுத்துவிட்டு, யாருக்கும் கேட்காத மாதிரி, ‘சம்மதம்’ என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். அவர் முகத்தில் என்ன வந்தது என்று சொல்வது கடினம். மெழுகுப் பல் வைத்த வாயில் எல்லா உணர்ச்சியும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

“சரிம்மா,” என்றார். “மேடைக்கு இதையே போட்டுக்கறேன். இப்படியே செஞ்சு கொடு.”

“நிஜமாவா?”

“உன் ஆசைக்கு.”

இவ்வளவு சுலபமாகத் தலையாட்டுவார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, பேஷன்ட் கேட்டால் நமக்கென்ன என்று கையெழுத்துப் போட்டார். அவள் அதை அக்ரிலிக்கில் கட்டி, பாலிஷ் போட்டு, டப்பாவில் வைத்தாள். தன் வேலையில் முதல் முறையாக, தெரிந்தே, வேண்டுமென்றே செய்த பழுது. இதுவரை செய்த எதுவும் இவ்வளவு கச்சிதமாக வந்ததில்லை.

வெள்ளிவிழா ஞாயிறு மாலை நான்கு மணிக்கு, ஒரு தட்டச்சுப் பள்ளியின் மாடி ஹாலில் நடந்தது. மேசைகளை ஓரம் தள்ளி நாற்காலி போட்டிருந்தார்கள். பல்லக்கா முன்வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் டூட்டி முடிந்து நேராக வந்த கண்டக்டர், சீருடையோடு, சட்டைப்பையில் விசிலோடு.

“இந்தப் பாட்டுக்கா இருபது வருஷமா உப்புப் போட மறக்கற?” என்றார்.

“சும்மா இருங்க.”

தலைவர் ஐம்பது நிமிடம் பேசினார். வெறுமை என்ற சொல் பதினான்கு முறை வந்தது. வெறுமையாக இருந்த நாற்காலிகள் அதை ஆமோதித்தன. பிறகு பாடகர் மேடையேறினார். கறுப்புச் சட்டை. வாயில் பல்லக்காவின் பல். முன்வரிசையைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளிலிருந்து டிரம்ஸ் முழங்கியது.

“சம்மதம் இல்லை...”

விசில் வரவில்லை.

பல்லக்கா நாற்காலி நுனிக்கு வந்தாள். “சாவியும் இல்லை...” வரவில்லை. டிரம்மர் பஸ்ஸுக்கு ஐந்து நிமிடம் முன்னால் வந்து நின்றிருந்தார். அவள் பாடகரின் உதட்டைப் பார்த்தாள். ‘ம’வுக்கு உதடு மூடுவதற்கு முன்பே பெட்டியில் ‘ம’ முடிந்திருந்தது. கண் கீழே இறங்கியது. மைக் கம்பம். கம்பத்திலிருந்து ஒயர். ஒயர் மேடை ஓரத்தில் அழகாக வட்டமாகச் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு வைக்கப்பட்டிருந்தது.

அவ்வளவு சுலபமாக ஏன் தலையாட்டினார் என்று இப்போது விளங்கியது. எந்தப் பல்லைப் போட்டால் என்ன, வாயை அசைக்க?

பேரவைத் தலைவர் முன்வரிசை ஓரத்தில் கண்மூடி ரசித்துக்கொண்டிருந்தார். பாட்டு இரண்டாவது பல்லவிக்கு வந்துகொண்டிருந்தது. பல்லக்கா கணவரின் சட்டைப்பையில் கையை விட்டாள்.

“ஏய், என்ன பண்ற? அது டூட்டி விசில்!”

“சம்மதம்...” என்றது பெட்டி.

பல்லக்கா எழுந்து நின்று ஊதினாள். சின்னதாக, சரியான இடத்தில்.

“சாவியும்...”

கொஞ்சம் நீளமாக.

“ரெண்டு அடிச்சா ‘போலாம்’னு அர்த்தம்!” என்று கண்டக்டர் அவள் புடவையைப் பிடித்து இழுத்தார். கடைசி வரிசையில் யாரோ “ஹோல்டான், ஆள் இறங்கணும்!” என்றார்கள்.

“சத்தம்...”

அரை நொடி. வார்த்தைக்கு முன்னே. தட்டச்சு மேசைகள்வரை அதிர்ந்தது.

“யாரம்மா அது?” தலைவர் குதித்து எழுந்தார். “விழா நடக்குது! உக்காருங்க! நாங்க சம்மதிக்க மாட்டோம்!”

“நானும்தான்,” என்றாள் பல்லக்கா. “அதைத்தான் ஊதறேன்.”

மேடையில் பாடகர் சிரித்துவிட்டார். அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாயை அகலத் திறந்து சிரித்தார். அவர் சிரித்துக்கொண்டிருக்க, அவர் குரல் மட்டும் பெட்டியில் நின்று, ‘போக மாட்டேன், போக மாட்டேன்’ என்று அடக்கமாகப் பாடிக்கொண்டிருந்தது. குட்டு பல்லிளித்தது. அதுவும் பல்லக்கா கட்டிய பல்லால்.

யாரோ ஓடிப்போய்ப் பெட்டியை அணைத்தார்கள்.

“ரிஸ்க் வேணாம்னு நான்தான் ஏற்பாடு...” என்று தலைவர் ஆரம்பித்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை.

பாடகர் மேடை விளிம்புக்கு வந்தார். சுருட்டியிருந்த ஒயரை ஒருமுறை பார்த்தார். நல்லவேளை, பல்லால் உரிக்கப் போகவில்லை. முன்வரிசையில் விசிலோடு நிற்கிறவளைப் பார்த்தார்.

“அதைப் பையில வை,” என்றார். “கேட்டுக்கோ.”

மைக் இல்லாமல், டிரம்ஸ் இல்லாமல், அறுபது வயதுத் தொண்டையில் பாடினார். சுருதி பாதி வழியில் இறங்கிக்கொண்டது. ஆனால் சம்மதம் வந்தது, விசிலோடு. சாவி வந்தது, இன்னும் நீளமாக. சத்தத்துக்கு முன்னால் அந்த அரை நொடி, கதவிடுக்கில் காற்றுப் புகுந்தது போல, புகுந்தது. அவர் கூச்சப்படவில்லை. மூன்றாம் முறை வேண்டுமென்றே நீட்டினார், ஆபீஸ் முழுக்கக் கேட்கட்டும் என்கிற மாதிரி. பல்லக்கா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள், அழுதால் கேட்காது.

“இதா?” என்றார் கண்டக்டர், காதோரம். கொஞ்ச நேரம் கழித்து, “பரவால்ல,” என்றார். அவரிடமிருந்து உப்புக்குக்கூட அந்தச் சொல் வந்ததில்லை.

தலைவர் குறிப்பேட்டை எடுத்து வேகமாக எழுதத் தொடங்கினார். மூன்றாம் பதிப்பாக இருக்கும்.

திங்கட்கிழமை காலை பல்லக்கா கடையைத் திறக்கிறவளைப் போல மேசை விளக்கைப் போட்டபோது, செட் வைத்த அதே டப்பா அங்கே இருந்தது. உள்ளே பல். மேலே ஒரு சீட்டு: ‘இடைவெளியில் சாப்பாடு மாட்டிக்கொள்கிறது. அடைத்துத் தரவும்.’

அடைத்துக் கொடுத்தாள். பத்து நிமிட வேலை.